நீலப் பெட்டிகளுக்கு நான் காவல் இருந்தது

எனக்குச் சந்தேக புத்தி. இதை யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை, நானே சொல்லிக்கொள்வேன். பால் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பித் தேதி பார்ப்பேன். காஸ் சிலிண்டர் வந்தால் கொண்டுவந்தவரை நிற்கவைத்துச் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகுதான் அனுப்புவேன். பூட்டிய வீட்டுக் கதவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவேன், திரும்பி வந்து மறுபடியும் இழுப்பேன். "நீ கோயில் பிரசாதத்தையே மோந்து பாத்துட்டுதாம்மா வாயில போடுவ" என்று என் மகள் கிண்டல் செய்வாள். அவள் சொன்னது பொய்யில்லை. சிதம்பரம் கோயிலில் ஒருமுறை அப்படித்தான் செய்தேன்.

இந்தப் புத்தி யார்டு முழுக்கத் தெரிந்திருந்ததால்தான் அந்தக் காவல் வேலை என் தலையில் விழுந்தது என்று நினைக்கிறேன்.

என் கணவர் போன பிறகு அவர் வேலை எனக்கு வந்தது. கடலூர் முதுநகர் பக்கத்தில் ரயில் பெட்டிகளைக் கழுவிப் பழுது பார்த்து அனுப்புகிற யார்டு. முதல் எட்டு வருஷம் பெட்டி துடைக்கிற வேலை. அதற்குப் பிறகு மெக்கானிக்குகளுக்கு உதவியாளாக மாற்றினார்கள். கணவருக்கும் எனக்கும் சேர்த்துச் சோறு போட்டது ஒரே வண்டிதான். பன்னிரண்டு நீலப் பெட்டிகள் கொண்ட பாசஞ்சர். காலையில் கடலூரிலிருந்து கிளம்பி, சிதம்பரம் தாண்டிப் போய், மதியம் திரும்பி வரும். சாயங்காலம் மறுபடி ஒரு நடை.

அந்த வண்டி சுமந்ததைச் சொல்லி மாளாது. யுனிவர்சிட்டிக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள், சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு வாரம் தவறாமல் போகிற நோயாளிகள், கோயிலுக்குப் போகிறவர்கள், கடைசிப் பெட்டியில் மீன் கூடையோடு கடற்கரைப் பெண்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு குணம் உண்டு. மூன்றாவது பெட்டியில் ஃபேன் சுற்ற வேண்டுமென்றால் சீப்பை விட்டு ஒரு தள்ளு தள்ள வேண்டும். ஏழாவதில் ஜன்னல் ஷட்டர் ஒன்று பாதியில் மாட்டிக்கொண்டால் தாசில்தார் வந்து சொன்னாலும் இறங்காது. மழைக்காலத்தில் அந்த ஜன்னலோரம் தெரியாதவர்கள் மட்டும்தான் உட்காருவார்கள். கடைசிப் பெட்டியை எத்தனை வாளி ஊற்றிக் கழுவினாலும் மீன் வாசம் போகாது. அதைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனால் எங்கள் தெருப் பூனை என் பின்னாலேயே வரும்.

பெட்டிக்கும் நம்மைப் போல ஓய்வு வயது உண்டு. கால் நூற்றாண்டு ஓடிவிட்டால் போதும் என்று கணக்கு. முதலில் நாலு பெட்டிகளுக்கு அந்த வயது வந்தது. அவற்றைப் பிரித்து, ஹார்பர் பக்கம் போகிற பழைய தண்டவாளத்தில், கருவேல மரங்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார்கள். மீதி எட்டும் புது வண்டி வருகிற வரை ஓட வேண்டும், அப்புறம் மொத்தமாக விடை கொடுத்துவிடலாம் என்று பேச்சு.

அந்தச் சமயம் எங்களுக்கு மேலே இருந்த சார் மாற்றலாகிப் போய், புது சார் வந்திருந்தார். அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு நீளமான லிஸ்ட்டைக் கையில் கொடுத்தார். ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை ஃபேன், எத்தனை ஷட்டர், எத்தனை கதவுக் கொண்டி என்று அதில் இருந்தது.

"ஏலத்துல எடுத்தவுங்க வந்து தூக்கிக்கினு போற வரைக்கும் இது அப்படியே இருக்கணும். ஒரு நட்டு கொறஞ்சாலும் உன் தலைதான் உருளும். சொல்லிட்டேன்" என்றார்.

என் தலை உருண்டால் வீட்டில் வேறு தலை இல்லை. மகள் சிதம்பரத்தில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு இந்த வேலையை விட்டால் பிறந்த வீடு இருக்கிற சேத்தியாத்தோப்புக்குப் போய்க் கரும்பு வெட்ட வேண்டியதுதான். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தேன். தினமும் காலையில் லிஸ்ட்டும் கையுமாக நாலு பெட்டிகளிலும் ஏறி இறங்கினேன்.

மூன்று வாரம் எல்லாம் சரியாக இருந்தது. நாலாவது வாரம் ஒரு ஷட்டரைக் காணோம்.

முதலில் நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று மறுபடி பார்த்தேன். இல்லை. திருகுகளைப் பக்குவமாகக் கழற்றி, இடம் சிராய்க்காமல் எடுத்திருந்தார்கள். அடுத்த வாரம் இரண்டு கதவுக் கொண்டிகள். அதற்கடுத்து ஒரு ஃபேன். சாரிடம் சொன்னால் "நீ என்ன செஞ்சுக்கினு இருந்த" என்பார். சொல்லாவிட்டால் கடைசியில் மொத்தமும் என் மேல் விழும். நானே பிடித்துக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதன் பிறகு நான் யாரையும் விட்டுவைக்கவில்லை. கேட்டில் நிற்கிற காவல்காரர், டீ கொண்டுவருகிறவர், கருவேலங்காட்டில் ஆடு மேய்க்கிற அம்மா என்று ஒவ்வொருவர் மேலும் இரண்டு நாள் சந்தேகப்பட்டேன். ஆடு மேய்க்கிற அம்மாவின் புல்கட்டை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தேன். "புல்லுக்குள்ள என்னாத்த தேடுற? உனுக்கு என்னா ஆச்சு" என்று அவர் கேட்டார். நான் பாம்பு என்று ஏதோ சொல்லி மழுப்பினேன்.

திருடின சாமான் எங்கேயாவது விலை போக வேண்டுமே என்று ஒரு லீவு நாளில் சிதம்பரம் போனேன். அங்கே ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பழைய இரும்புக் கடை உண்டு. ஆட்டுக் கொட்டகைக்குத் தகடு வேண்டும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே புகுந்து, குவியல் குவியலாகக் கிண்டினேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கொட்டகைக்குத் தகடு தேடுறவுங்க ஃபேனை எதுக்குப் பொரட்டுறீங்க?" என்றார். "உங்கள யாரு அனுப்புனாங்க? நான் ரயில் சாமான் தொடுறதே இல்ல. வேணும்னா போலீஸ கூட்டியாங்க, நானே தெறந்து காட்டுறேன்."

என்னைவிடச் சந்தேகக்காரர் ஒருவரை அன்றுதான் பார்த்தேன். ஒன்றும் கிடைக்காமல் சாயங்கால வண்டியில் திரும்பினேன். நல்ல மழை. ஏழாவது பெட்டியில்தான் இடம் இருந்தது, அதுவும் அந்த ஜன்னலோரம். நனையப் போகிறோம் என்று சலிப்போடு ஷட்டரில் கை வைத்தேன். சுளுவாக இறங்கியது. நனையாமல் வீடு வந்து சேர்ந்தேன். வழி முழுக்கத் திருடனைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அத்தனை வருஷமாக இறங்காத ஷட்டர் எப்படி இறங்கியது என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வீட்டிலிருந்து கோலமாவை ஒரு பையில் எடுத்துப் போனேன். நாலு பெட்டிகளின் வாசலிலும், உள்ளே போகிற வழியிலும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசாகத் தூவினேன். முதல் நாள் எறும்பு தவிர யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் மதியம் போய்ப் பார்த்தபோது செருப்புத் தடம் இருந்தது. வலது கால் பதிந்திருந்தது. இடது கால் பதியாமல் ஒரு கோடாக இழுபட்டிருந்தது.

எங்கள் யார்டில் இடது காலை இழுத்து நடப்பவர் ஒருவர்தான். சீனியர் மெக்கானிக். கடற்கரைக் குப்பத்து ஆள். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். நாலு வருஷமாக அவருக்குத்தான் நான் உதவியாள். அதிகம் பேசமாட்டார். மதியம் தூக்குச்சட்டியைத் திறந்தால், நான் கேட்காமலே ஒரு துண்டு மீன் என் மூடியில் வந்து விழும். அவர் மனைவி கடைசிப் பெட்டியில் கூடையோடு சிதம்பரம் போய் மீன் விற்கிறவர்.

அப்படிப்பட்டவரை ஒரு செருப்புத் தடத்தை வைத்து முடிவு கட்டலாமா என்றால், கட்டினேன். எங்கள் சாதி சனத்தில் கடற்கரை ஆட்களைப் பற்றிச் சின்ன வயதில் கேட்ட பேச்சுகள் என் காதிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தன. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவர் போட்ட மீன் துண்டைத் தின்றுகொண்டே, இது எந்த ஃபேனை விற்று வாங்கியதோ என்று யோசித்தவள் நான்.

அடுத்த நாள் சாப்பாட்டு வேளையில், இரண்டாவது பெட்டியின் கழிவறைக்குள் புகுந்து கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்த்தபடி நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். ஸ்பானரை எடுத்து, நிதானமாக ஒரு ஃபேனைக் கழற்றினார். ஒயர் கூடையில் வைத்து மேலே சாக்கைப் போட்டார். பிறகு கதவோரம் போய் எனக்கு முதுகைக் காட்டிக் கொஞ்ச நேரம் நின்றார். ஆள் நடமாட்டம் பார்க்கிறார் என்று நினைத்தேன். இறங்கிப் போய்விட்டார்.

அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே சாரிடம் போய், கையும் களவுமாகப் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதும்போது என் தலை தப்பியது என்றுதான் இருந்தது. திங்கட்கிழமை விசாரணை என்றார் சார்.

விசாரணைக்குப் பெட்டிகளைப் பார்க்க வருவார்கள், குப்பையாக இருந்தால் அதற்கும் என்னைத்தான் சொல்வார்கள் என்று, சனிக்கிழமை வாளியும் ஃபினாயிலுமாகப் போனேன். நாலு பெட்டிகளையும் தரையிலிருந்து சுவர் வரைக்கும் கழுவித் துடைத்தேன். ரயில் பெட்டிச் சுவர் என்றால் தெரியுமே, இதயத்துக்குள் இரண்டு எழுத்து, போன் நம்பர், கட்சிக் கோஷம், யாரையோ திட்டின திட்டு. எட்டு வருஷம் நான் செய்த வேலையே அதை அழிப்பதுதான். படித்துப் பார்த்து அழிக்கிற வழக்கம் கிடையாது. கிறுக்கல் என்று கண்ணில் பட்டால் கை தானாகப் போகும்.

திங்கட்கிழமை சாரும் அண்ணனும் நானும் கருவேலங்காட்டுக்குப் போனோம். போகும் வழியிலேயே சார் கேட்டார், அண்ணனும் மறைக்காமல் சொன்னார்.

"எடுத்தேன் சார். ஓடுற எட்டுப் பெட்டிக்கும் சாமான் வர்றது நின்னுபோச்சு. பழைய மாடலுக்கு இனிமே அனுப்பமாட்டாங்களாம். முன்னாடி இருந்த சாரு, நின்ன பெட்டியில இருந்து எடுத்துப் போட்டு எப்படியாவது ஓட்டுப்பான்னு வாயால சொல்லிட்டுப் போயிட்டாரு. பெட்டி பழுதுன்னு ஒண்ணொண்ணா நிறுத்துனா மொதல்ல கூடை ஏத்துற பெட்டியதான் வெட்டுவாங்க. எங்க பொம்பளைங்க எதுல போவாங்க?"

"இதெல்லாம் எங்கப்பா எழுதி வச்சிருக்க?" என்றார் சார்.

"எழுதாம எப்படி சார்? எந்தப் பெட்டியில கைய வச்சாலும், எடுத்த சாமான், எடுத்த தேதி, அது போன பெட்டி நம்பரு மூணையும் உள்ள கதவோரச் சுவத்துல சாக்பீஸால எழுதிடணும். அந்தக் காலத்துல இருந்து எங்க வழக்கம் அது. வாங்க, காட்டுறேன்."

எனக்கு அந்த வழக்கம் தெரியாது. பழுதை வெளிச் சுவரில் எழுதுவதும், எழுதியவர்தான் அழிக்க வேண்டும் என்பதும் தெரியும். உள்ளே எழுதுவதை நான் பார்த்ததில்லை. நான் உதவியாளாக வந்த பிறகு சாமானுக்குப் பஞ்சம் வந்ததில்லை, பெட்டிக்குப் பெட்டி மாற்றியதும் இல்லை. ஆனால் அவர் "சுவத்துல" என்று சொன்ன நொடியிலேயே என் கால் நின்றுவிட்டது.

அண்ணன் முதல் பெட்டியில் காலை இழுத்துக்கொண்டு ஏறினார். "இதோ" என்று கையை நீட்டினார். சுவர் பளிச்சென்று இருந்தது. ஃபினாயில் வாசம் இன்னும் போகவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. அடுத்த பெட்டிக்குப் போனார், அதற்கடுத்ததற்கும் போனார். நாலாவதில் ஏறவே இல்லை.

"எங்கப்பா எழுத்து?"

"எழுதினேன் சார். இப்ப இல்ல."

என் காவலில் நின்ற அந்தப் பெட்டிகளில் ஏறித் துடைக்கிற ஆள் யார்டில் நான் ஒருத்திதான். அது அவருக்குத் தெரியும். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. துடைத்தது நான் என்று சொன்னால் ஆதாரத்தை அழித்தவள் என்று என் வேலைக்கே வினையாகும் என்று பயம். அந்த நேரத்திலும் என் புத்தி, ஒருவேளை துடைத்தது தெரிந்துதான் எழுதியதாகச் சொல்கிறாரோ என்று ஒரு பக்கம் கேட்டது. சார் ஏதோ எழுதிக்கொண்டார். நாளையிலிருந்து அண்ணன் வேலைக்கு வர வேண்டாம், உத்தரவு வரும் என்றார். அண்ணன் தலையை ஆட்டிவிட்டு இறங்கி நடந்தார். பென்ஷனுக்கு இன்னும் ஒரு வருஷம்கூட இல்லாத மனிதர்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு வைத்தேன், சாப்பிடவில்லை. மகள் காலேஜிலிருந்து வந்தாள். ஈரக் குடையை மடக்கிக்கொண்டே, "நம்ம வண்டி இப்பல்லாம் எவ்ளோ தேவலம்மா. ஏழாவது பெட்டி ஜன்னல்கூட மூடுது" என்றாள். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை, வண்டி ஸ்டேஷனிலிருந்து கிளம்புவதற்கு முன்னால், மண்ணெண்ணெய்யில் நனைத்த துணியோடு ஏழாவது பெட்டிக்குப் போனேன். பெட்டிச் சாமான் எதிலும் அது பிறந்த பெட்டியின் எண் பெயின்ட்டால் எழுதியிருக்கும். எண்ணெய் அழுக்கு ஏறினால் தெரியாது. ஷட்டரின் ஓரத்தைத் தேய்த்தேன். கருவேலங்காட்டில் நிற்கிற முதல் பெட்டியின் எண் தெரிந்தது. மூன்றாவது பெட்டியில் சீப்பு வேண்டாமல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைத் தேய்த்தேன், அதிலும் அப்படித்தான். மீன் கூடைப் பெட்டியில் இரண்டு கதவுக் கொண்டிகள். என் லிஸ்ட்டில் காணாமல் போன ஒவ்வொன்றும் ஓடுகிற வண்டியில் இருந்தது. ஒன்றுகூட வெளியே போகவில்லை. எல்லாவற்றையும் பார்த்து முடித்து, அந்தக் கடைசிப் பெட்டியிலேயே உட்கார்ந்து அழுதேன். கூடையோடு ஏறின பெண்கள், யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தார்கள். அதில் ஒருவர் அண்ணனின் மனைவி. அவர்தான் தன் பாட்டிலைத் திறந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது போலிருந்தது. நான் மோந்து பார்க்காமல் குடித்தேன்.

சாரிடம் போய், "சுவரைத் துடைச்சது நான்தான் சார்" என்றேன். எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் என்னோடு வந்து நான்கைந்து இடத்தில் பார்த்தார். அண்ணன் மேல் இருந்த புகாரை மூடிவிட்டார். எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். காவல் வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார், உதவியாள் வேலை தப்பியது.

அண்ணன் திரும்பி வந்த அன்று நான் எதிரில் போய் நின்றேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை, "அண்ணே" என்று மட்டும்தான் வந்தது. அவர் டூல் பெட்டியைக் கீழே வைத்தார்.

"பன்னெண்டு வருசமா ஒரே யார்டுல இருக்கோம். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே தங்கச்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மதியம் மீன் துண்டும் வழக்கம் போல என் மூடியில் விழுந்தது. சரி, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்துப் புது வண்டி வந்தது. வெள்ளையும் பச்சையுமாக, ஒரு சிராய்ப்பு இல்லாமல் நின்றது. அதற்கு முன்னும் பின்னும் டிரைவர் உட்காருகிற இடம் இருந்தது, தனியாக இன்ஜின் மாட்ட வேண்டியதில்லை. மீன் கூடைக்கு எந்த இடம் என்று கடற்கரைப் பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அதே நாள் நீலப் பெட்டிகள் எட்டோடு கருவேலங்காட்டில் நின்ற நாலையும் சேர்த்துக் கோத்தார்கள். பன்னிரண்டும் பழையபடி ஒரே வண்டியாக நின்றன. இன்ஜின் வந்து இழுத்துப் போவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை அடிப்பாகத்தைப் பார்த்துவிட வேண்டும். அது அண்ணனின் வேலை.

பெட்டிக்கு அடியில் ஒரு ஆள் இறங்கும்போது, வண்டியின் முனையில் இன்னொரு ஆள் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கொடி நிற்கிற வரை எந்த இன்ஜினும் கிட்டே வராது. அடியில் இருப்பவருக்கு வெளியே நடப்பது எதுவும் தெரியாது. கொடி பிடிக்கிற ஆளை நம்பித்தான் படுத்துக்கொண்டு ஸ்பானரைப் பிடிப்பார். நாலு வருஷமாக அண்ணன் இறங்கினால் கொடி பிடிப்பது நான்தான். அவர் கூப்பிட வேண்டியதுகூட இல்லை.

அன்றும் நான் கொடியை எடுத்துக்கொண்டு முனைக்குப் போய் நின்றேன். அண்ணன் டார்ச்சைச் சரிபார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கேட் பக்கம் திரும்பிக் காவல்காரரைக் கூப்பிட்டார்.

"மச்சான், செத்த வந்து கொடி புடி."

காவல்காரருக்குப் புரியவில்லை, அதான் அந்தம்மா நிக்குதே என்றார். அண்ணன் காலை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்து கையை நீட்டினார். நான் கொடியைக் கொடுத்தேன். அவர் அதைக் காவல்காரர் கையில் கொடுத்து, அவர் சரியான இடத்தில் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு, குனிந்து பெட்டிக்கு அடியில் போனார்.